‘ஆ’ டாக்டரின் பூநாரை

திண்டிவனத்தில் அந்த மனிதரைப் பார்த்ததும் வாயைத் திறக்காதவர்கள் ஒருத்தர்கூடக் கிடையாது. சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே திறப்பார்கள். மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருக்கும் பெரியவர், பக்கத்தில் இவர் வந்து நின்றால் பையைக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்து "ஆ" என்பார். பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் வாயிலிருந்து விசிலை எடுத்துவிட்டு "ஆ" என்பார். ஊரில் பாதிப் பேருக்குப் பல் பிடுங்கியவர், மீதிப் பேருக்குப் பிடுங்கப்போகிறவர். போர்டில் நீளமாக ஒரு பெயரும், அதைவிட நீளமாகப் படிப்பும் எழுதியிருந்தது. அதை யார் படித்தார்கள்? எல்லோருக்கும் அவர் ‘ஆ’ டாக்டர்.

தொண்ணூறுகளின் நடுவில் எனக்குத் திண்டிவனத்துக்கு மாற்றலானது. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் கிளார்க் வேலை. கல்யாணம் ஆகவில்லை. டாக்டரின் வீடும் கிளினிக்கும் கீழே, என் வாடகை ரூம் மாடியில். வந்த புதிதில் ஒருநாள் வறுத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, தின்றபோது தோல் ஒன்று பல் இடுக்கில் மாட்டிக்கொண்டது. கீழேதானே டாக்டர் என்று இறங்கிப் போனேன். என் கெட்ட நேரமோ நல்ல நேரமோ, அங்கேதான் ஆரம்பித்தது.

நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தேன். லைட்டை இழுத்துக்கொண்டு குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஸ்டெல்லா! ஸ்டெல்லா! ஜல்தி வா! கெடச்சிடுச்சி!"

அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா சமையற்கட்டிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தார். இரண்டு பேரும் என் வாய்க்குள் எட்டிப் பார்த்தார்கள். எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. ஏதோ பெரிய வியாதிதான், அம்மாவுக்கு எப்படிச் சொல்லப்போகிறேன் என்று கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இந்த ஈறைப் பாரு! இன்னா ரோஸு! நான் தேடிக்கினு இருந்த கலரு இதான்!"

"ஆமாங்க, நல்லாத்தான் இருக்குது. பாவம், தம்பி வாய மூடட்டும்" என்றார் அக்கா.

அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. டாக்டருக்கு வாழ்க்கையில் ஒரே லட்சியம். பனிக்காலத்தில் மரக்காணம் பக்கம் கழுவேலி ஏரிக்கு வரும் பூநாரை என்கிற ஃபிளமிங்கோ பறவையை வாட்டர்கலரில் வரைய வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து பிளான் போட்டுக்கொண்டிருந்தார். பிரஷ் வந்துவிட்டது, பெயின்ட் டப்பா வந்துவிட்டது, தடித்த பேப்பர்கூட வந்து மூலையில் சுருண்டு நின்றது. பூநாரையின் ரோஸுக்குச் சரியான மாதிரி மட்டும் கிடைக்கவில்லை. அது என் வாயில் இருந்திருக்கிறது!

"ஏன் சார், அதென்ன குறிப்பா பூநாரை?" என்று கேட்டேன்.

"தம்பி, காலைலேர்ந்து ராத்திரி வரைக்கும் ஊராம் பல்லையே பாத்துக்கினு இருக்கேன். வெத்தலப் பல்லு, பீடிப் பல்லு, சொத்தப் பல்லு. பல்லே இல்லாத ஒரு ஜீவன நிம்மதியா உக்காந்து பாக்கணும்னு எனக்கு ஆசை இருக்காதா?"

"கோழிக்கும்தான் பல்லு கெடையாது."

"கோழிய எவன் தம்பி ஃப்ரேம் போட்டு மாட்டுவான்?"

மாட்டுவதற்கென்று இடமும் தயாராக இருந்தது. ஹாலில் நட்ட நடுச் சுவரில் ஓர் ஆணி. வீடு கட்டியபோதே அடித்தது. வேறெதையும் அதில் மாட்டக்கூடாது என்பது டாக்டரின் உத்தரவு. அந்த ஆணியின் கதையை ஸ்டெல்லா அக்காதான் ஒருநாள் சொன்னார்.

"இவரு என்னப் பொண்ணு பாக்க வந்தப்போ, பொழுது போவ இன்னா பண்ணுவீங்கன்னு எங்கப்பா கேட்டாரு. ‘வாட்டர்கலர்ல பறவைங்கள வரைவேன்’னாரு. அதுக்கு முன்ன வந்த மாப்பிள்ள சீட்டாடுவேன்னான். இவரே போதும்னு தலைய ஆட்டிட்டேன். இன்னிய வரைக்கும் ஒரு காக்கா படம் கண்ணுல காட்டல தம்பி!"

அந்த வருஷம் அக்காவின் பொறுமை தீர்ந்துவிட்டது. குவைத்தில் வேலை பார்க்கும் அக்காவின் தம்பி கிறிஸ்துமஸுக்கு வருவதாகவும், அக்காவுக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொண்டுவருவதாகவும் போன் செய்திருந்தார். மணிக்கொரு தரம் அதிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குருவி தலையை நீட்டிக் கத்துமாம்.

"கிறிஸ்துமஸுக்குள்ள உங்க பறவை அந்த ஆணில ஏறணும். இல்லன்னா எந்தம்பி பறவை ஏறும்" என்று சொல்லிவிட்டார் அக்கா.

டாக்டருக்குப் பேஜாராகிவிட்டது. பெண் பார்த்த அன்றைக்குச் சொன்ன ஒரு வார்த்தை, அதைக் காப்பாற்றியாக வேண்டும். பிளான் சூடு பிடித்தது. தினமும் காலையில் நான் ஆபீஸுக்கு இறங்கும்போது வழியை மறித்து, "தம்பி, ஒரு நிமிஷம், கலர் ஒத்துப் பாக்கணும்" என்பார். வாயைத் திறந்துகொண்டு வாசலில் நிற்பேன். ரோஸ் தடவிய காகிதத்தை என் ஈறுக்குப் பக்கத்தில் பிடித்து, தள்ளி நின்று பார்ப்பார். தெருவில் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்ப்பார்கள். ஆபீஸில் ஒருநாள் வெற்றிலை போட்டேன் என்று தெரிந்து மனிதர் அப்படிக் கோபித்துக்கொண்டார். "வாய் உங்களுதா இருக்கலாம் தம்பி, ஈறு என்னுது!"

பேஷன்ட்டுகள் பாடு இன்னும் மோசம். குறடு கடைவாயில் இருக்கும்போதுதான் ஆலோசனை கேட்பார். "பூநாரை ஒத்தக் கால்ல நிக்கட்டுமா, ரெண்டு கால்லயும் நிக்கட்டுமா? ஒத்தக் கால்னா ஒரு தரம் ‘ஆ’ சொல்லுங்க." பிடுங்குகிற வலியில் அந்த ஆள் "ஆ ஆ ஆஆ ஆ!" என்று அலறுவார். "அத்தினி காலு அதுக்குக் கெடையாதுங்களே" என்று டாக்டர் வருத்தப்படுவார்.

பல் செட்டுக்கு அளவெடுக்கிற மெழுகில் பூநாரையின் அலகைச் செய்து வைத்துக்கொண்டு வேறு கவலைப்படுவார். "பாருங்க தம்பி, நட்ட நடுவுல ஒடிஞ்சி கீழ தொங்குது. கிளிப் போட்டாக்கூட நிமித்த முடியாது. ஆண்டவன் ஏன் இப்பிடிப் படைச்சாரு?" காணை கிராமத்திலிருந்து பல் செட்டு வாங்க வந்த பெரியவர் ஒருவர் மேஜைமேல் அந்த அலகைப் பார்த்துவிட்டார். "யப்பா, அந்த வளைஞ்ச செட்டுதான் எனக்குன்னா, நான் கூழு குடிச்சே காலத்த ஓட்டிக்கிறேன்" என்று எழுந்து போனவர், திரும்பி வரவே இல்லை.

இவ்வளவு பிளான் போடுகிற மனிதர் பேப்பரில் ஒரு கோடாவது இழுக்கவேண்டுமே! கேட்டால், "வாட்டர்கலர்ல அழிக்கிற வேலையே இல்ல தம்பி. பல்லு மாதிரி. புடுங்கிட்டா புடுங்கினதுதான்" என்பார்.

கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டது. மரக்காணத்து மீனவர் ஒருவர் கன்னம் வீங்கிப்போய் வந்தார். பல்லைப் பிடுங்கியதும், மரத்துப்போன உதட்டோடு, கழுவேலியில் பூநாரை இறங்கியிருக்கிறது என்று சொன்னார். டாக்டர் குறடைக் கீழே போட்டுவிட்டார். மறுநாள் விடிகாலையில் ஸ்கூட்டரில் அவர், பின்னால் நான். நான் எதற்கா? "நீங்க வராம எப்பிடி தம்பி? பறவையையும் ஈறையும் பக்கத்துல பக்கத்துல வெச்சிப் பாக்க வாணாமா?"

பனி கொட்டியது. ஏரிக்கரையில் அந்த மீனவர் கன்னத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். வெளிச்சம் வர வர, தூரத்தில் தண்ணீருக்குள் நீளக் கால்களோடு கூட்டம் கூட்டமாக நின்றன பூநாரைகள். டாக்டர் பைனாகுலரை வைத்துப் பார்த்தார். என் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். மறுபடி பறவையைப் பார்த்தார்.

"வெள்ளையா இருக்குதே!" என்றார், அழுகிற குரலில். "ரோஸே இல்லியே! நான் மோசம் போயிட்டேன் தம்பி!"

எத்தனை காலைகள் வாயைத் திறந்துகொண்டு நின்றிருப்பேன்!

"பொறுங்க டாக்டரே, பறக்கட்டும்" என்றார் மீனவர், துண்டுக்குள்ளிருந்து.

எங்கிருந்தோ ஒரு நாய் தண்ணீரில் இறங்கிக் குரைத்தது. அவ்வளவுதான். மொத்தக் கூட்டமும் ஓடி, எழும்பி, இறக்கையை விரித்தது. ஐயோ, அந்தச் சிவப்பு! இறக்கைக்குள்ளே அத்தனை சிவப்பு, ஓரத்தில் கறுப்பு, வானமே பற்றிக்கொண்டது. டாக்டர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். அன்றைக்குத்தான் அவர் வாய்க்குள் நான் பார்த்தேன். கடைவாயில் இரண்டு பக்கமும் சொத்தை!

"தம்பி! செவப்பு! செவப்பு! எல்லாத்தையும் உள்ள ஒளிச்சி வெச்சிக்கினு ஒண்ணும் தெரியாத மாதிரி நின்னுதுங்களே! ஒத்தக் காலும் வாணாம், ரெண்டு காலும் வாணாம், பறக்கட்டும்!" என்று சேற்றில் குதித்தார். ஒரு செருப்பு ஏரியோடு போனது. அதைத் தேடக்கூட விடாமல் என்னை ஸ்கூட்டரில் ஏற்றினார்.

கிளினிக்கை மூடினார். பல் பிடுங்குகிற லைட்டுக்குக் கீழே பேப்பரை விரித்தார். என்னை நாற்காலியில் உட்காரவைத்து வாயைப் பார்த்தார். "இந்த ரோஸு பத்தாது தம்பி. போய் பிரஷ்ஷ நல்லா அழுத்திப் பல்லு வெளக்கிட்டு வாங்க, ஈறு செவக்கணும்!" மெதுவாகத் தேய்க்காவிட்டால் ஈறு போய்விடும் என்று ஊரையே மிரட்டி வைத்திருந்த மனிதர் சொல்கிற பேச்சா இது? போய்த் தேய்த்தேன். சிவக்கச் சிவக்கத் தேய்த்தேன்.

வந்து பார்த்தால், பிரஷ்ஷைத் தோய்த்துப் பிடித்திருந்த கை பேப்பருக்கு மேலேயே நின்றிருந்தது, கீழே இறங்கவில்லை. எத்தனை பல்லை அசராமல் பிடுங்கிய கை!

"தம்பி, யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றார் மெல்ல. "நான் இதுவரைக்கும் ஒரு படம்கூட வரைஞ்சதில்ல. அன்னிக்கி ஸ்டெல்லாவப் பாத்ததும் வாயில வந்தத சொல்லிட்டேன்."

வாயைப் பெரிதாகத் திறந்து காட்டினேன். அவர் ஒரு முறை பார்த்துக்கொண்டார். பிரஷ்ஷைப் பேப்பரில் வைத்துவிட்டார்.

பேப்பரில் ஈரம் காயாத வானத்தில் இறக்கையின் சிவப்பு இறங்கி ஓடியது. உடம்பின் வெள்ளைக்குப் பேப்பரை அப்படியே விட்டார். கழுத்தை இழுத்தார், அது போய்க்கொண்டே இருந்தது. அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு குவைத் மச்சான் கடிகாரப் பெட்டியோடு நுழைந்தார். பின்னாலேயே அக்கா. மச்சான் என் திறந்த வாயைப் பார்த்தார், சொட்டுகிற பிரஷ்ஷைப் பார்த்தார், பேப்பரைப் பார்த்தார்.

"இன்னா மாமா இது, எறாலா?"

டாக்டர் முகம் சுண்டிப்போனது. அக்கா மட்டும் கிட்டே வந்து குனிந்து படத்தைப் பார்த்தார்.

"ஸ்டெல்லா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று டாக்டர் ஆரம்பித்தார். "அன்னிக்கி உங்கப்பாகிட்ட நான் சொன்னது…"

"பொய்யி. தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"அன்னிக்கே. எங்கப்பா கேட்டதும் எங்க வூட்டு சுவத்துல இருந்த காலண்டரப் பாத்தீங்க. அதுல கொக்கு படம் இருந்துச்சி. எனக்குப் புடிக்கணும்னு ஒரு மனுசன் இப்பிடி முழிச்சி முழிச்சிப் பொய் தேடுறாரேன்னுதான் சரின்னேன்."

டாக்டர் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். "அப்புறம் ஏன்டி படம் எங்க படம் எங்கன்னு இத்தினி வருஷமா என் உசுர வாங்கின?"

"பிளான் போட்டுக்கினு இருக்கும்போது உங்க மூஞ்சியப் பாக்கணுமே, அதுக்குத்தான்" என்றார் அக்கா. படத்தை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனார். ஃப்ரேமெல்லாம் அப்புறம் வந்தது. அன்றைக்கு ஒரு கிளிப்பைப் போட்டு ஈரத்தோடு மாட்டிவிட்டார். கடிகாரம் கிளினிக் சுவருக்குப் போனது. குருவி கத்தும்போதெல்லாம் பேஷன்ட்டுகள் தூக்கிவாரிப்போட்டு அலறினார்கள்.

அவர்களோடு பல வருஷம் இருந்தேன். அடுத்த பனிக்காலத்துக்குக் கூழைக்கடாப் பறவை என்று பிளான் போட்டார், அதற்கடுத்து உள்ளான். அந்த இரண்டு பேருடைய சிரிப்பைக் கேட்டுக்கொண்டுதான் நான் மாடியில் தூங்கினேன். அப்புறம் எனக்கு விழுப்புரத்துக்கு மாற்றலாகி, கல்யாணமாகி, இங்கேயே தங்கிவிட்டேன். இங்கே தெருவுக்குத் தெரு பல் ஆஸ்பத்திரி வந்துவிட்டது. ஆனாலும் பல் வலித்தால் நான் திண்டிவனம் பஸ்தான் ஏறுவேன். வலிக்காதபோதும் ஏறுவேன்.