எல்டனுக்குப் பட்டம் வேண்டாம்

"வாழ்த்துகள். நீங்கள் பட்டதாரி ஆவதற்கு இன்னும் மூன்றே மூன்று குறைகள்தான் பாக்கி" என்று கல்லூரியிலிருந்து வந்த கடிதத்தைப் படித்ததும் எல்டன் க்ரூபர் கதவைச் சாத்திவிட்டு அதை இன்னொரு தடவை படித்தார்.

ஒஹையோவின் அந்தச் சின்ன ஊரில் பட்டம் வந்துவிடுமோ என்று பயந்த ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார்.

எல்டனுக்கு நாற்பத்து மூன்று வயது. பத்தொன்பது வருடமாக மருந்துக் கடையில் உதவியாளர். மாத்திரை எண்ணுவது அவர், சீசாவில் போடுவது அவர், லேபிளை இரண்டு தடவை படித்து ஒட்டுவதும் அவர். மருந்தாளர் என்று கையெழுத்துப் போடுவது மட்டும் இருபத்தாறு வயதுப் பெண் ஒருத்தி. "எல்டன், வெளியில கார் நிக்குது பாருங்க" என்று அவள் சொல்லும்போதெல்லாம், காரில் இருந்தபடியே மருந்து வாங்குகிறவர்களுக்காக அவர் ஜன்னலுக்கு ஓடுவார்.

அந்த ஓட்டம் நிற்கத்தான் உள்ளூர்க் கல்லூரியில் வருடக்கணக்காக ஒவ்வொரு பாடமாகப் படித்தார். மருந்தியல் கல்லூரியில் சேரப் பட்டம் தேவையில்லை, குறிப்பிட்ட சில பாடங்கள் முடித்திருந்தால் போதும். இந்த ஆகஸ்டில் சேர இடமும் கிடைத்துவிட்டது, கூடவே நாலு வருடப் படிப்புக்கும் முழு உதவித்தொகை. ஆண்டுக்கு ஒருவருக்கு மட்டும், அதுவும் பட்டம் முடிக்காமல் வருகிறவருக்கு மட்டும். ஆகஸ்டுக்குள் பட்டம் வந்தால் உதவித்தொகை போச்சு. அது போனால் கடையும் காரும்தான் கதி.

"கடிதாசியக் குப்பையில போட்டுட்டுப் பேசாம இரு" என்றாள் மனைவி நோரீன்.

இந்தக் கதையில் யாராவது சொன்ன ஒரே உருப்படியான யோசனை அதுதான். எல்டன் கேட்கவில்லை. பட்டம் வராது என்பதை நேரில் உறுதி செய்துகொள்ளப் புறப்பட்டார்.

கல்லூரியின் பதிவேட்டு அலுவலகத்தில் கார்லா டோலிவர் அம்மாள் இருந்தார். இருபது வருடமாக அதே நாற்காலி, அதே சிரிப்பு. எல்டன் உதவித்தொகைக் கதையை ஒளிவுமறைவில்லாமல் கொட்டினார். அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. நடுவில் மகளிடமிருந்து போன் வர, "இன்னும் ஒண்ணும் தெரியலடா கண்ணு, பொறுமையா இரு" என்று சொல்லி வைத்துவிட்டு, எல்டனின் கையைத் தட்டிக் கொடுத்தார்.

"என்கிட்ட விட்டுடுங்க தம்பி. உங்க குறைங்க பத்திரமா இருக்கான்னு நான் பாத்துக்கறேன். ஃபைலத் திறக்க ஒரு கையெழுத்து மட்டும் வேணும்."

லேபிளை இரண்டு தடவை படிக்கிற மனிதர் அந்தத் தாளை ஒரு தடவைகூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

குறைகள் மூன்று: கலைப் பாடம், அயல்மொழி, நீச்சல் தேர்வு. எந்தக் காலத்திலோ எவரோ போட்ட விதி, நீந்தத் தெரியாதவர் அந்தக் கல்லூரியில் பட்டம் வாங்க முடியாது.

மறுவாரமே டோலிவர் அம்மாள் வருத்தமாகப் போன் செய்தார். சர்ச் பாட்டுக் குழுவில் எல்டன் பாடுவதைக் கலைப் பாடமாக எடுத்துக்கொள்ளலாம் என்று பேச்சு அடிபடுகிறதாம். தனக்குப் பாடவே வராது என்று எழுதிக் கொடுத்தால் தப்பிக்கலாமாம். எல்டன் பாதிரியாரிடமே கெஞ்சிக் கடிதம் வாங்கினார். "பதினோரு வருடமாக எல்டன் ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் பாடுகிறார், பதினோரு வருடமாக நாங்கள் பொறுத்துக்கொள்கிறோம்" என்று பாதிரியார் உள்ளதை உள்ளபடி எழுதினார். கல்லூரிக்குப் பதினோரு வருடம் என்பதே போதுமானதாக இருந்தது. கலைப் பாடம் தேறியது.

அடுத்தது அயல்மொழி. இந்தத் தடவை எல்டன் உஷாரானார். 'எனக்கு ஸ்பானிஷ் தெரியாது. தோட்ட வேலைக்காரர்கள் கடைக்கு வரும்போது எந்த மாத்திரையை எப்போது, எதோடு சாப்பிடணும், எதோடு சாப்பிடக் கூடாது என்று சொல்லத் தெரியும், அவ்வளவுதான்' என்று எழுதி, ஆதாரத்துக்கு அந்த வாக்கியங்களையும் இரண்டு பக்கத்துக்கு ஸ்பானிஷிலேயே இணைத்தார். மொழி ஆசிரியர் தன் மாணவர்களுக்கு அதைப் படித்துக் காட்டினாராம். அதுவும் தேறியது.

"உன் கையாலயே உனக்குக் குழி தோண்டறதுல நீ முதல் வகுப்பு" என்றாள் நோரீன்.

மிச்சம் நீச்சல். எல்டனுக்கு நீச்சல் தெரியாது, தண்ணீர் என்றாலே நடுக்கம். இங்கே தப்பிவிடலாம் என்று வீட்டோடு இருந்தார். டோலிவர் அம்மாள் விடவில்லை. வராதவர்களுக்கு வயதைக் காரணம் காட்டி விலக்குக் கொடுத்துவிடுவார்களாம்.

"நேர்ல போய்த் தோத்துட்டு வாங்க தம்பி. தோத்தது எழுத்துல இருந்துட்டா ஒருத்தரும் உங்கள அசைக்க முடியாது."

மைத்துனரின் நீச்சல் கால்சட்டையை இரவல் வாங்கிக்கொண்டு எல்டன் கல்லூரி நீச்சல் குளத்துக்குப் போனார். திட்டம் எளிமையானது. இறங்க வேண்டும், முங்க வேண்டும், பயிற்சியாளர் தூக்கிவிட வேண்டும். இறங்கினார். முங்கத்தான் முடியவில்லை. நோரீன் பத்தொன்பது வருடமாக வளர்த்துவிட்ட தொந்தி அவரை மேலே மேலே தூக்கியது. மூக்கில் தண்ணீர் ஏறியதும் திட்டம் மறந்துபோனது. உயிர் பிழைத்தால் போதும் என்று கையைக் காலை உதைத்தார், கண்ணை மூடிக்கொண்டு கத்தினார், கையில் ஏதோ தட்டுப்பட்டதும் இறுகப் பிடித்துக்கொண்டார். கண்ணைத் திறந்தால் அது எதிர்க்கரை.

"இப்படி ஒரு நீச்சல நான் பாத்ததே இல்ல சார்" என்றார் பயிற்சியாளர். "ஆனா பாஸ்."

எல்டன் ஈரக் காலோடு பதிவேட்டு அலுவலகத்துக்கு ஓடினார். ஏதாவது செய்து நிறுத்துங்கள் என்று மன்றாடினார்.

"நீங்க அன்னிக்குக் கையெழுத்துப் போட்டீங்களே தம்பி, இனிமே பட்டத்தக் கம்ப்யூட்டர் தானா அனுப்பிடும். யார் நிறுத்தறது?" என்று டோலிவர் அம்மாள் மூக்கைச் சிந்தினார்.

ஜூலையில் பட்டம் தபாலில் வந்தது. இரண்டு நாள் கழித்து மருந்தியல் கல்லூரியிலிருந்து போன் வந்தது. பட்டம் பெற்றதற்கு வாழ்த்தினார்கள். விதிப்படி உதவித்தொகை, காத்திருப்புப் பட்டியலில் இருந்த அடுத்தவருக்குப் போய்விட்டதாகவும், அவரும் எல்டனின் ஊர்தான் என்றும் சொன்னார்கள். எல்டன் போனை வைத்துவிட்டுக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். நோரீன் கேலி செய்யாமல் வெளியே உட்கார்ந்திருந்தாள்.

கெட்ட காலத்தில் துணை நின்ற ஒரே ஜீவனுக்கு நன்றி சொல்லாமல் இருப்பது நியாயமில்லை என்று மறுநாள் எல்டன் டோலிவர் அம்மாளைப் பார்க்கப் போனார். மேஜைமேல் பெரிய கேக் இருந்தது. வெள்ளைக் கிரீமில் 'வாழ்த்துகள்' என்று எழுதி, பக்கத்தில் மருந்து அரைக்கும் கல்வமும் குழவியும் வரைந்திருந்தது.

அதைப் பார்த்ததும் எல்டனுக்குத் துக்கம் பொங்கியது. வெறும் பட்டத்துக்கு வாழ்த்துகிற கேக்கில்கூடத் தன் கனவை நினைத்து வரைந்திருக்கிறாரே, இந்த மனசு யாருக்கு வரும் என்று நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டோலிவர் அம்மாள் வாசல் கதவை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கத்தியை எடுத்துப் பெரிய துண்டாக வெட்டிக் கொடுத்தார்.

எல்டன் இரண்டாவது வாய் வைக்கும்போது கதவு திறந்தது. தோளில் பையோடு ஓர் இளம்பெண் உள்ளே வந்தாள். கேக்கைப் பார்த்தாள், எல்டனைப் பார்த்தாள், முகம் சுருங்கியது.

"என்னம்மா, எனக்கு ஸ்காலர்ஷிப் கிடைச்சதுக்குச் செஞ்ச கேக்க, நான் வர்றதுக்குள்ள யாருக்கோ வெட்டிக் குடுத்துட்டியே?"