நாற்பத்திரண்டாவது பிரதி

நாற்பத்திரண்டு பேருக்கும் ரகசியக் காப்பு ஒப்பந்தத்தைக் கொடுத்து முடித்த பிறகுதான், அதன் கடைசிப் பக்கத்தில் ரகசியமே இருப்பது திருமுருகனுக்கு உறைத்தது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் அது ஒரு சின்னக் கம்பெனி. மெக்கானிக்குகள் கிரீஸ் கையைக் கழுவும் பேஸ்ட் செய்தார்கள். அதன் கலவை முதலாளி ஏகாம்பரத்துக்கும், கலக்கும் நாகம்மாவுக்கும் மட்டுமே தெரியும். எதிர் ஷெட்காரர் அதே பேஸ்ட்டைச் செய்யப் பார்க்கிறார் என்று கேள்விப்பட்டு, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கச் சொல்லியிருந்தார் முதலாளி.

வக்கீல் அனுப்பிய மாதிரியில், 'காக்க வேண்டிய ரகசியங்கள்: இணைப்பில் காண்க' என்று இருந்தது. திருமுருகன் எதையும் அரைகுறையாக விடுகிற ஆள் இல்லை. முதலாளியின் டைரியை வாங்கி, கலவையைக் கிராம் சுத்தமாக டைப் அடித்து, நாற்பத்திரண்டு ஜெராக்ஸ் போட்டு இணைத்துவிட்டான்.

அவன் அங்கே ஆபீஸ் வேலையில் சேர்ந்து ஐந்து மாதம். அடுத்த மாதம்தான் நிரந்தரம் செய்வார்கள். இதை நம்பித்தான் தென்காசியிலிருந்து மனைவியை அழைத்துவந்து பருத்திப்பட்டில் குடிவைத்திருந்தான்.

கடைசிப் பக்கத்தை மட்டும் திருப்பிக் கேட்டபடி ஷெட்டைச் சுற்றி வந்தான். அதுவரை அதன்மேல் டீ கிளாஸ் வைத்திருந்தவர்கள்கூட எடுத்துப் படிக்க ஆரம்பித்தார்கள்.

"இதுல இன்னா கீது சார், இம்மாம் அவசரமா கேக்குற?" என்றார் பேக்கிங் அப்பாவு.

"எழுத்துப்பிழைண்ணே."

அப்பாவு நம்பவில்லை. பயந்துபோன திருமுருகன் கம்பெனி வாட்ஸ்அப் குழுவில், 'கடைசிப் பக்கத்தை யாரும் படம் எடுக்க வேண்டாம்' என்று போட்டான். அந்த யோசனை அதுவரை யாருக்கும் வந்திருக்கவில்லை. ஐந்தாவது நிமிடம், 'இந்தப் பக்கமா சார்?' என்று ஒருவர் படத்தையே குழுவில் போட்டார். போன மாதம் எதிர் ஷெட்டுக்கு வேலை மாறிய தேவாவை யாரும் குழுவிலிருந்து நீக்கியிருக்கவில்லை. அவன் கட்டைவிரலை உயர்த்தியிருந்தான்.

மாலைக்குள் நாற்பத்தொரு பிரதிகள் திரும்பின. நாகம்மாவுடையது மட்டும் வரவில்லை. இனி மறைத்துப் பயனில்லை என்று திருமுருகன் முதலாளியிடம் போய் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டான்.

"பதினோரு வருச ரகசியம்யா" என்று ஏகாம்பரம் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். நாகம்மாவை வரச் சொல்லி விஷயத்தைச் சொன்னார்.

அவள் மடிப்பு கலையாத தன் பிரதியை மேஜைமேல் வைத்தாள். அதில் கையெழுத்து இல்லை.

"நீ பயப்படாத நைனா" என்றாள் திருமுருகனிடம். "டைரில கீற மாதிரி கலந்தா பேஸ்ட்டு கல்லாட்டம் ஆயிடும். மொத வாரமே ஆச்சு. அப்பால நானே மாத்திக்கினேன். இத்தினி வருசமா நாம விக்கிறது என் கலவ."

திருமுருகனுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. தேவாவின் கட்டைவிரலை நினைத்துச் சிரிப்புகூட வந்தது. ஏகாம்பரமும் தெம்பாக நிமிர்ந்து உட்கார்ந்து, டைரியில் புதுப் பக்கம் புரட்டி, பேனாவைத் திறந்தார்.

"சொல்லும்மா, எழுதிக்கிறேன்."

நாகம்மா ஒப்பந்தத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"மொதல்ல இதுல நீங்க கையெழுத்து போடுங்க சார்."