மாடி ஏறிய சிலிண்டர்

முள் பூஜ்யத்திலேயே நின்றது.

வெயில் மாஸ்டர் அளவுமானியின் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பூஜ்யம்தான்.

'வெயில் மாஸ்டர்' என்பது தெரு அவருக்கு வைத்த பெயர். அக்கா வீட்டு மொட்டை மாடியில், வெயிலைக் கொண்டு தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுப்பார். அது உலோகத் தூள் நிரப்பிய தொட்டிக்குள் போய்ப் பதுங்கிக்கொள்ளும். தொட்டி சூடானால்தான் வெளியே வரும், அடுப்பு எரியும். இன்றைக்குப் பார்த்து வானம் முழுக்க மேகம்.

"நிபுணர் மேடம் பக்கத்துல வந்துட்டாங்களாம்," என்றார் மாமா, அக்காவின் கணவர். "அடுப்பு எரிஞ்சா ஆராய்ச்சி நிலையத்துல உனக்கு இடம். எரியலேன்னா சாயங்காலத்துக்குள்ள இதையெல்லாம் அள்ளிடு. என்னோட உடற்பயிற்சி மெஷின் வருது."

"கொஞ்சம் பொறுங்க மாமா."

அக்காவின் ஹேர் டிரையரை எடுத்து வந்து தொட்டிக்குச் சூடு காட்டினார். முள் அசையவில்லை. போதாதென்று இஸ்திரிப்பெட்டியையும் செருகினார்.

டப். வீடே இருண்டது.

"டேய், அடுப்பு அணைஞ்சுபோச்சுடா," என்று கீழேயிருந்து அக்கா கத்தினாள்.

"ஃபியூஸ்தான் அக்கா."

"தன் அடுப்பைப் பத்த வைக்க ஊர் அடுப்பையெல்லாம் அணைக்கிறான்," என்றார் மாமா.

முள் சிக்கியிருக்குமோ? ஸ்பேனரால் செல்லமாக ஒரு தட்டு தட்டினார். கண்ணாடி விரிசல் விட்டது. முள் கழன்று உள்ளே படுத்துக்கொண்டது. இனி தொட்டி நிறைந்து வழிந்தாலும் சொல்ல ஆளில்லை.

வாசலில் கார் வந்து நின்றது.

வெயில் மாஸ்டர் சமையலறைக்குப் பாய்ந்தார். அக்கா ஃபியூஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கேஸ் சிலிண்டரைக் கழற்றித் தோளில் போட்டு, ஒரே மூச்சில் மாடி ஏறிவிட்டார். வழக்கமாகப் பாதிப் படியில் இடுப்பைப் பிடித்துக்கொள்கிறவர்! நெருக்கடி வந்தால் மனுஷனுக்கு எங்கிருந்தோ பலம் வந்துவிடுகிறது.

காயப்போட்ட போர்வைக்குப் பின்னால் அதை மறைத்து, அடுப்புக் குழாயின் இன்னொரு வாயில் இணைத்தார். தொட்டி வால்வை மூடக்கூட நேரமில்லை. படியில் செருப்புச் சத்தம்.

அதுவரை வராத வெயில், வேண்டுமென்றே செய்வதுபோல் பளீரென்று அடித்தது.

"ஆரம்பிக்கலாமா?" என்றார் நிபுணர்.

மாஸ்டர் அடுப்பைப் பற்ற வைத்தார். உஸ்ஸென்று ஒரு சத்தம்.

"தீ கண்ணுக்கே தெரியலையே," என்றார் மாமா.

"வெயில், மாமா, வெயில்." மாஸ்டர் எச்சில் விழுங்கினார். வெயிலுக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு.

நிபுணர் அடுப்புக்கு மேலே கையை நீட்டி, சட்டென்று இழுத்துக்கொண்டார். "அம்மாடி, என்னமா சுடுது!" அடுப்பில் ஏற்றிய பாத்திரத்துத் தண்ணீர் சற்று நேரத்தில் கொதித்துத் தளும்பியது. அவர் முகத்தில் சின்னப் பிள்ளையின் சந்தோஷம். "இத்தனை நாள் இதை எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க? திங்கட்கிழமையே வந்து சேருங்க."

மாஸ்டர் வாழ்நாளெல்லாம் ஏங்கிய வார்த்தை. அதுவும் திருட்டுத்தனத்தில் வந்தது.

"மேடம், மன்னிச்சிடுங்க. இது என் ஹைட்ரஜன் இல்லை."

போர்வையை விலக்கினார். சிவப்புச் சிலிண்டர் அசடு வழிய நின்றது.

மாமா அப்போதே மெஷினுக்குக் காலடியால் இடம் அளக்க ஆரம்பித்துவிட்டார். நிபுணர் மட்டும் சிலிண்டரையும், கண்ணுக்குத் தெரியாத அந்தத் தீயையும் மாறி மாறிப் பார்த்தார். நெற்றி சுருங்கியது.

அப்போது கேஸ் டெலிவரிக்காரர் மாடிப்படியில் தலையை நீட்டினார்.

"சார், புது சிலிண்டரைக் கீழே வச்சிருக்கேன். அந்தக் காலி சிலிண்டரைக் கொடுங்க; நேத்தே தீர்ந்துபோய் கரண்ட் அடுப்புல சமைக்கிறாங்களாமே, பாவம் உங்க அக்கா."