உச்சரிப்பு மோப்பக்காரர்

நம்மிடையே உச்சரிப்பு மோப்பக்காரர் என்றோர் இனம் உண்டு. பார்த்தால் சாதாரண மனிதர்தான். மழை வந்தால் குடை பிடிப்பார், பசி வந்தால் சாப்பிடுவார். ஆனால் பக்கத்தில் யாராவது இரண்டு வாக்கியம் இங்கிலீஷ் பேசிவிட்டால் போதும். தலை ஒரு பக்கம் சாயும், கண் பாதி மூடும், உதடு லேசாகக் கோணும். பேசியவர் "தீப்பிடித்துவிட்டது, ஓடுங்கள்" என்று கத்தியிருக்கலாம். நம்மவர் ஓடமாட்டார். "ஆள் கடலோரம். அந்த ‘ர்’ரை உருட்டினதைக் கவனிச்சீங்களா?" என்பார்.

அவரிடம் ஒரு தரவரிசை இருக்கிறது. உச்சியில் லண்டனில் வானொலிச் செய்தி வாசிப்பவர். அவருக்குக் கீழே அமெரிக்கர். ஸ்காட்லாந்துக்காரர் பேசினால் கோபமாக இருக்கிறார் என்று முடிவு கட்டுவார். அயர்லாந்துக்காரர் பேசினால் அடுத்துப் பாடப்போகிறார் என்று காத்திருப்பார். இழுத்துப் பேசினால் சோம்பேறி, வெட்டிப் பேசினால் முரடன். நம்மவர்கள் எல்லாரும் கடைசிப் படியில், அவரைத் தவிர. இதையெல்லாம் யார் வகுத்தது? வேறு யார், அவருடைய காதுதான்.

என் அக்காவின் அலுவலகத்தில் இப்படி ஒருவருக்குச் சம்பளமே கொடுக்கிறார்கள். வெளிநாட்டில் துணி துவைக்கும் மெஷின் வாங்கியவர்கள் ரிப்பேர் என்று போன் செய்தால் பதில் சொல்லும் இடம் அது. அக்கா இரண்டு வருடமாகப் பின்னறையில் புகார்களைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். முன்னறையில் போனில் பேசும் இருக்கைக்கு மாற வேண்டும் என்பது அவள் ஆசை. அடுத்த மாதம் பின்னறையை மூடப்போகிறார்கள் என்பதால் அது வெறும் ஆசை அல்ல.

மாறுவதற்கு ஒரு முறை உண்டு. ஒருநாள் போன் எடுக்க விடுவார்கள். பதிவான ஓர் அழைப்பைக் கேட்டு மோப்பக்காரர் மதிப்பெண் போடுவார். அவருடைய தாளில் உயிரொலிக்கு ஒரு கட்டம், மெய்யொலிக்கு ஒரு கட்டம், ராகத்துக்கு ஒரு கட்டம். பேசியது புரிந்ததா என்பதற்குக் கட்டம் கிடையாது.

அக்காவையும் முன்னறையைக் கவனிக்கும் மேற்பார்வையாளர் அம்மாவையும் எதிரே உட்கார வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, பதிவை மூன்று முறை ஓட்டினார். இரண்டு பெண் குரல்கள். முடிந்ததும் பெருமூச்சு விட்டார்.

"என்னம்மா இது? ‘கப்’பைப் போய் ‘குப்’புங்கிற. ‘பஸ்’ உன் வாயில ‘புஸ்’ஸாகுது. வாயில வெந்நீரை வச்சிக்கிட்டுப் பேசுற மாதிரி இருக்கு. அந்த கஸ்டமரம்மாவைப் பாரு, எவ்வளவு சுத்தம்! லண்டன்தான், சந்தேகமே இல்லை. அவங்க கால் தூசிக்கு வருமா உன் பேச்சு?"

பத்துக்கு நாலு போட்டார். மேற்பார்வையாளர் அம்மா தாளைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார்.

"சார், ‘குப்’புன்னது கஸ்டமர். இங்கிலாந்துல வடக்குப் பக்கம் பொறந்து வளர்ந்தவங்க, அங்க அப்படித்தான் பேசுவாங்க. சுத்தமாப் பேசினது இந்தப் பொண்ணு."

வேறொருவராக இருந்தால் மேஜைக்கு அடியில் புகுந்திருப்பார். மோப்பக்காரர் இன்னொரு முறை பதிவை ஓட்டினார்.

"அடடே, வடக்குப் பக்கமா! என்னா ஒரு மண்வாசனை பாருங்க! இந்தப் பொண்ணுதான்... இப்பக் கேட்டா தெரியுது, நம்ம ஆளுங்க வாடை லேசா அடிக்குது. நாலு சரியாத்தான் இருக்கு."

"ஒருத்தங்க உதவி கேக்கிறாங்க, ஒருத்தங்க உதவி பண்றாங்க. அதை வச்சாவது யார் யாருன்னு தெரியலையா சார்?"

"நான் அதெல்லாம் கேக்கிறதில்லைம்மா. கவனம் சிதறும்."

"அந்தம்மாவுக்கு என்ன பிரச்சினைன்னாவது தெரியுமா?"

மோப்பக்காரர் கூரையைப் பார்த்தார். கூரை ஒன்றும் சொல்லவில்லை.

"நீ சொல்லும்மா," என்று மேற்பார்வையாளர் அம்மா அக்கா பக்கம் திரும்பினார்.

"மெஷின் கதவைத் தொட்டா ஷாக் அடிக்குதாம் மேடம்," என்றாள் அக்கா. "கீழே ரெண்டு கப் தண்ணி வேற தேங்கியிருக்காம். வீட்டுக்காரர் அப்பத்தான் பஸ் ஏறிப் போனாராம். தவழுற குழந்தை பக்கத்துலயே இருக்குன்னாங்க. முதல்ல குழந்தையைத் தூக்கிட்டு அந்த ரூமை விட்டு வெளியே வாங்க, தண்ணியில கால் வைக்காம மெயினை அணைங்க, நான் லைன்லயே இருக்கேன்னு சொன்னேன்."

மேற்பார்வையாளர் அம்மா தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் பேனாவால் ஒரு கட்டம் வரைந்து, அதில் பத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை முதல் அக்கா முன்னறையில். கோடு நேராக இல்லாத கட்டம் செல்லாது என்று மோப்பக்காரர் மேலிடத்துக்கு எழுதியிருக்கிறார். அவருக்கும் வேலை போகவில்லை; இந்த இனத்துக்குப் போவதும் இல்லை.

சிரிக்கிறீர்கள். நல்லது. போகும் முன் ஒரே ஒரு கேள்வி. நேற்று முன்பின் தெரியாத ஒருவர் உங்களுக்குப் போன் செய்தாரே, போனை வைப்பதற்குள் அவர் எந்தப் பக்கத்து ஆள், எவ்வளவு படித்தவர் என்றெல்லாம் கண்டுபிடித்துவிட்டீர்கள் அல்லவா?

சரி, அவர் என்ன சொன்னார்?