நான் வாயைத் திறக்காததற்குக் காரணமான தோட்டா

உ

ரேஸ் கோர்ஸ் ரோடு,
சிங்கப்பூர்.
2-11-1961

குளுவாங் எஸ்டேட் ஆபீஸில் கணக்கு வழக்கெல்லாம் பார்க்கும் பெரிய கிராணியும், நான் மனதுக்குள் சம்பந்தி ஸ்தானத்தில் உட்கார்த்தி வைத்திருப்பவருமான திரு. பரமசிவம் அவர்களுக்கு, லேத் பட்டறை சேதுபதி கைகூப்பி எழுதுவது. இங்கே நான், என் மனைவி ரத்தினம்மா, மகள் லீலா, பட்டறையில் இருக்கும் இரண்டு லேத்துகள், எல்லாரும் சௌக்கியம். என் பற்கள் மட்டும் இந்தக் கணக்கில் சேரவில்லை. அவற்றைப் பற்றித்தான் கடிதமே. தாங்களும் தங்கள் வீட்டு அம்மாளும் மாப்பிள்ளை துரைசாமியும் அங்கே சௌக்கியமாக இருக்கக் காளியம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

தங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. அதில் உள்ளது அத்தனையும் உண்மை, ஒரு எழுத்தைக்கூட மறுக்க மாட்டேன். பெண் பார்க்க வந்த ஞாயிற்றுக்கிழமை நான் இரண்டரை மணி நேரம் தங்களுக்கு எதிரே உட்கார்ந்து வாயைத் திறக்கவே இல்லை. மைசூர்பாகைக் கையில் வாங்கிக் கையிலேயே வைத்திருந்தேன், அது உருகியது. "பொண்ணைக் குடுக்கறீங்களா?" என்று தாங்கள் மூன்று தரம் கேட்டீர்கள், நான் மூன்று தரமும் ஆமாம் என்றும் இல்லாமல் இல்லை என்றும் இல்லாமல் தலையை ஆட்டினேன். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு வரி பதில் வராவிட்டால் பத்து பகாட் ஊரில் இருக்கும் பெண்ணைப் பார்க்கப் போகிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது தங்கள் உரிமை. ஆனால் நடந்ததைக் கேட்டுவிட்டுப் போகலாம். அன்று என் வாயில் பல் இல்லை. பல் இல்லாததற்குக் காரணம் ஒரு தோட்டா. துப்பாக்கியில் போட்டுச் சுடுகிற அதே தோட்டாதான்.

சிராங்கூன் ரோட்டில் பல் டாக்டர் இயேசுதாசன் இருக்கிறார். நல்ல மனிதர், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர், காட்டுப்பன்னி வேட்டைப் பைத்தியம். லைசென்ஸ் எல்லாம் ஒழுங்காக வாங்கிக் கண்ணாடி போட்டு, நோயாளிகள் உட்காரும் பெஞ்சுக்கு மேலே மாட்டியிருக்கிறார். மே மாதம் என் பற்களை எல்லாம் பிடுங்கியவர் அவர்தான். ஒரு மாதத்தில் புதுப் பல்செட் என்றார். வாய்க்குள் மெழுகை வைத்து அச்செடுக்க வேண்டிய அன்று பார்த்து, தபாலில் ஒரு அமெரிக்கப் பத்திரிகை வந்து சேர்ந்தது. அதில் ஒருவன் கைத்துப்பாக்கியால் மானைச் சுட்டு அதன் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்கிறான். கடையில் விற்கிற தோட்டா போதாதென்று அவனே ஒரு தோட்டாவை வடிவமைத்தானாம். இப்படி வீட்டிலேயே செய்துகொள்ளும் தோட்டாவுக்கு அந்த ஊரில் காட்டுப்பூனை என்று பெயராம். "சுடப் போறது பன்னி, அதுக்கு எதுக்குப் பூனை?" என்று பிறகு வீட்டில் இதைச் சொன்னபோது ரத்தினம்மா கேட்டாள். நியாயமான கேள்விதான்.

டாக்டர் என்னைப் பார்த்து, "அண்ணே, நீளத் துப்பாக்கிய வச்சுக்கிட்டு அரை மைலுக்கு அப்பால நின்னு சுடறதெல்லாம் ஒரு வேட்டையா? பன்னி மூஞ்சி தெரியற தூரத்துல, ஒத்தக் கையால நிக்கணும். கடைத் தோட்டா அதுக்குப் பத்தாது. நாமளே ஒண்ணு செஞ்சா என்ன?" என்றார். நாமளே என்றதும் எனக்குச் சந்தேகம் வந்தது. வாயைத் திறந்தபடி நாற்காலியில் சாய்ந்திருந்த நிலையில் என்னால் மறுத்துப் பேச முடியவில்லை. என் வாய்க்கென்று குழைத்து வைத்திருந்த ரோஸ் நிற மெழுகை எடுத்து, தன் கைத்துப்பாக்கியைப் பின்பக்கம் திறந்து அதன் வாய்க்குள் வைத்து அழுத்தினார். தோட்டா உட்காரும் குழியின் அச்சு அப்படியே வந்தது. நர்ஸ் ஆனி, "டாக்டர், பேஷண்ட் வெயிட்டிங்லா, அவரு வாயி இன்னும் தொறந்தே இருக்கு" என்றாள். அன்றைக்கு முழுதும் என் வாயை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கிளம்பும்போது மட்டும், "நீங்க தோட்டாக் கூட்டைச் செஞ்சு குடுங்க அண்ணே. அதப் போட்டு முதல் பன்னி விழற இடத்துலயே உங்க பல்லை உங்க கையில குடுக்கறேன்" என்றார்.

நான் முப்பது வருஷமாகக் கடைசல் வேலை பார்ப்பவன். இஞ்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு தவறினால் எனக்குச் சோறு இறங்காது. அந்தச் சமயத்தில் எப்படியும் கஞ்சிதான் இறங்கியது, அது வேறு விஷயம். தோட்டா என்பது ஒன்றும் பெரிய மர்மமில்லை. பித்தளைக் கூடு, அதற்குள் மருந்து, வாயில் ஈயக் குண்டு. பெரிய துப்பாக்கியின் கூட்டை எடுத்துக் குட்டையாக்கிக் கழுத்தைச் சுருக்கி, வேறொரு துப்பாக்கியின் குண்டை அதில் உட்கார வைப்பதுதான் டாக்டரின் திட்டம். ஒரு வீட்டுக் கூடு, இன்னொரு வீட்டுக் குண்டு, இரண்டும் ஒத்துப் போக வேண்டும். ஒத்துப் போகவில்லை. முதல் கூடு தடிமன், குழிக்குள் போகவே இல்லை. இரண்டாவது போனது, வரவில்லை. குறட்டால் இழுத்தார், பல் பிடுங்குகிற குறடு, ஆனி தலையில் அடித்துக்கொண்டாள். மூன்றாவதற்குக் கழுத்து விரிசல். நாலாவதில் குண்டு கூட்டுக்குள்ளேயே விழுந்து கிலுகிலுப்பை போல ஆடியது. ஒவ்வொன்றுக்கும் அவர் ஒரு படம் வரைந்து கொண்டுவருவார், நான் கடைந்து கொடுப்பேன், "அண்ணே, அரை மயிரிழை" என்பார். அரை மயிரிழை கூடவா குறைவா என்று சொல்ல மாட்டார். மருந்து போடுகிற வேலையை மட்டும் அவர் தனி அறையில் செய்துகொண்டார். அந்தப் பக்கம் நான் தலைவைத்துப் படுக்கவில்லை. ஆகஸ்டு மாதம் ஒன்பதாவது கூட்டைச் சுட்டுப் பார்த்தபோது துப்பாக்கி எகிறி அவர் நெற்றியிலேயே மோதியது. எலுமிச்சம்பழ அளவுக்கு வீக்கம். பத்து நாள் கிளினிக்கை மூடிவிட்டார். அந்தப் பத்து நாளும் என் பல்செட் கணக்கில் சேர்ந்தது.

பதினோராவது கூடு சரியாக அமைந்தது. இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை, ஆனால் பெருமைதான். குழிக்குள் வைத்தால் தானாக இறங்கி, அடியில் முட்டியதும் மெதுவாக ஒரு சத்தம் வரும்; அந்தச் சத்தத்தைக் கேட்கவே டாக்டர் மூன்று தரம் போட்டுப் போட்டு எடுத்தார். ஐந்து கூடுகள் செய்தேன். அதற்குள் ஆயுத பூசை வந்துவிட்டது. பட்டறையில் லேத், மைக்ரோமீட்டர், ரம்பம், அரம் எல்லாவற்றையும் கழுவி வைத்தோம். மருந்தும் குண்டும் இன்னும் ஏறாத அந்த ஐந்து கூடுகளும் மேசையில் வரிசையாக நின்றன. ரத்தினம்மா வேற்றுமை பாராட்டுகிறவள் அல்ல. ஐந்துக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டாள். ஒவ்வொன்றுக்கும் நெற்றி எது என்று யோசித்து, கழுத்துக்குக் கொஞ்சம் மேலே வைத்திருந்தாள். பூசை முடிந்து டாக்டர் வந்து வாங்கிப் போய் மருந்தும் குண்டும் ஏற்றினார். சாமி காரியம் என்று பயந்தோ என்னவோ, பொட்டைத் துடைக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை விடியற்காலை, அதாவது தாங்கள் வருவதற்கு முந்தின நாள், டாக்டரின் மோரிஸ் காரில் ஜொகூர் பாலத்தைத் தாண்டிக் கோத்தா திங்கிப் பக்கம் போனோம். இடையில் ஒரு நாள் அச்செடுத்துச் செய்து முடித்திருந்த என் பல்செட் ஒரு பிஸ்கட் டின்னில் பஞ்சு சுற்றி அவர் மடியில் இருந்தது. சொன்ன சொல் தவறாதவர். மரவள்ளித் தோட்டத்தின் ஓரத்தில் பன்னி வந்தது. தங்கள் எஸ்டேட்டில் பார்த்திருப்பீர்கள், கன்றுக்குட்டி உயரம். பத்தடியில் நின்று எங்களைப் பார்த்தது. டாக்டர் தோட்டாவை எடுத்தார், போட்டார், இறங்கவில்லை. இன்னொன்று. அதுவும் இறங்கவில்லை. சந்தனம் காய்ந்து மேடு தட்டியிருந்தது. ஆயிரத்தில் ஒரு பங்குக்குக் கடைந்த கூட்டில் ஒரு பொட்டுச் சந்தனத்துக்கு ஏது இடம்? டாக்டர் "மாதாவே!" என்று பக்கத்து ரப்பர் மரத்தில் ஏறினார். நான் மோரிஸின் கூரைமேல் ஏறினேன். அவசரத்தில் கைநழுவிய பிஸ்கட் டின் தரையில் கிடந்தது. பன்னி அதை முகர்ந்து, புரட்டி, மிதித்து, சேற்றுக்குள் எங்கேயோ கொண்டுபோய்விட்டது. ஒரு மணி நேரம் தேடினோம். பஞ்சு மட்டும் கிடைத்தது.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை நான் வாயைத் திறக்காதது சம்மதக் குறைவால் அல்ல. பல் இல்லாமல் பேசினால் வெறும் காற்றுதான் வருகிறது. முதல் முதலாக வீட்டுக்கு வந்த சம்பந்திமீது அதை விடக் கூடாது என்ற மரியாதைதான். லீலா கண்ணுக்குக் கண்ணான பெண். மாப்பிள்ளையிடம் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை, தேடியும் பார்த்துவிட்டேன். பத்து பகாட் பயணத்தைத் தயவுசெய்து தள்ளி வைக்கவும். தங்கள் குடும்பமும் எஸ்டேட்டும் பால் பொங்கினாற்போல் பெருக வேண்டும். சம்பந்தியம்மாளுக்கு ரத்தினம்மாவின் வணக்கம். மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதத்தைத் தட்டாமல் சேர்ப்பிக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புக்கு ஆளாக விரும்பும்
வ. சேதுபதி

பி.கு.: விலாசம் எழுத லீலாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டாள். "அப்பா, சனிக்கிழமை ராத்திரி நாம சாப்பிட்டது என்ன கறி? எலும்பைக் கடகடன்னு கடிச்சீங்களே, அது எந்தப் பல்லு?" என்றாள். அவளிடம் ஒப்புக்கொண்டேன். இனித் தங்களிடமும் மறைப்பதற்கில்லை.

பன்னி முதல் தோட்டாவிலேயே விழுந்துவிட்டது. சந்தனத்தை டாக்டர் கிளம்பும் முன்பே ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்துவிட்டார். பல் டாக்டர் அல்லவா, எதையும் துடைக்காமல் தொட மாட்டார். மரத்தில் யாரும் ஏறவில்லை. அங்கேயே சேற்றில் நின்று பல்லை என் கையில் கொடுத்தார். போட்டேன். ஈறில் அப்படியே ஒட்டிக்கொண்டது. தங்களுக்கு எதிரே உட்கார்ந்திருந்தபோது அது என் சட்டைப் பாக்கெட்டில் இருந்தது. ரத்தினம்மாவிடம் குத்துகிறது என்று பொய் சொல்லிக் கழற்றிவிட்டேன். பல் இருந்தால் தாங்கள் கேட்டதற்குச் சரி என்று சொல்லியாக வேண்டும், சொல்லிவிட்டால் லீலா குளுவாங் போய்விடுவாள். எனக்கு இருப்பது ஒரே பெண். என்னால் முடியவில்லை, அவ்வளவுதான்.

"பாக்கெட்டு புடைச்சிருந்ததை அன்னிக்கே பாத்தேன்பா" என்கிறாள் லீலா. "எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு. நீங்க பல்லைப் போட்டுக்கிட்டு எழுதுங்க."

போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். சம்மதம். தேதி பார்த்து எழுதவும். கல்யாணத்தன்று அழுதால் பல் கழன்றுவிடுமா என்று இன்று காலை டாக்டரிடம் கேட்டேன். ஆயிரத்தில் ஒரு பங்குகூட அசையாது, தாராளமாக அழலாம் என்கிறார்.