அழகையாவின் சட்டம்

ஐம்பத்து மூன்று வயதில் அழகையா ஒரு முடிவெடுத்தார். கொழும்புப் பக்கம் புதிதாகத் திறந்த விளையாட்டுப் பூங்காவின் ராட்டினத்தில் ஏறியே தீருவது. கூட மனைவி சந்திரகாந்தா மட்டும்.

றத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவர் கிளாக்கர். முப்பது வருடமாக மற்றவர்களுக்குப் படிவம் நிரப்பியே கழிந்த வாழ்க்கை. ஒரு தடவையாவது உயரத்திலிருந்து உலகத்தைப் பார்க்க ஆசைப்படக் கூடாதா? இது பேராசையா? இரண்டு நாள் யோசித்து, இல்லை என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டார்.

"என் தம்பி மாடசாமி வீட்டாரையும் கூட்டிக்கிட்டுப் போவமே," என்றாள் சந்திரகாந்தா.

"ஆறு பேரா? வேனா, மாட்டுவண்டியா?"

"ஆசைப்படுறாங்கங்க."

அழகையா தாள் எடுத்து எழுதிக் கதவில் ஒட்டினார். 'வழியெல்லாம் செக் பொயிண்ட். அடையாள அட்டை இல்லாதவர் வரக்கூடாது. அவர் வீட்டில் நின்று மாட்டுக்குப் புல் போட வேண்டும்.' மாடசாமி வீட்டில் ஒருவருக்கும் அட்டை கிடையாது. அது தெரிந்துதான் எழுதினார்.

"சரிங்க," என்றாள் அவள். அந்தச் சரியில் அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அடுத்த வாரம் ஆபீஸ் நேரத்தில் தேத்தண்ணியோடு ஒரு கட்டுப் படிவமும் கொண்டுவந்தாள் சந்திரகாந்தா. "லயத்துத் தொழிலாளிங்களோடது. கையெழுத்துப் போடுங்க." அவர் பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்துப் பூங்காவுக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தார். முதலில் ராட்டினம், பிறகு தண்ணீர்ச் சறுக்கு. தலை நிமிராமலே கையெழுத்துகள் ஓடின.

மூன்று மாதம் கழித்து, புறப்படும் விடியற்காலையில் வேன் வந்து நின்றது. உள்ளே மாடசாமி குடும்பம், ஆறு பேர் கையிலும் ஆறு புத்தம் புதிய அட்டை.

"யார் எழுதிக் குடுத்தது?"

"நீங்கதான் அத்தான்," என்றான் மாடசாமி, மிகுந்த நன்றியோடு.

அழகையா பல்லைக் கடித்துக்கொண்டார். போகட்டும், ராட்டினம் இருக்கிறது. "என் அட்டைய எடு."

"பழசுல மூஞ்சி மங்கிப்போச்சு, பொலிஸ்காரர் மூணு தரம் பார்த்தாருன்னு பொலம்புனீங்களே," என்றாள் சந்திரகாந்தா. "பழசையும் சேர்த்துப் புதுசுக்கு அனுப்பியாச்சு. அந்தக் கட்டுல ஏழாவது படிவம் ஒங்களோடது."

"எப்ப வரும்?"

"அடுத்த மாசம்னு சொன்னாங்க. பழச மாத்துறதுக்குக் கூட நாளாகுமாம்."

அவர் கதவைப் பார்த்தார். எழுத்து அழகாகத்தான் இருந்தது. தொழுவத்தில் மாடு கத்தியது.

வேன் நகரும்போது சந்திரகாந்தா தலையை வெளியே நீட்டினாள்.

"கவலப்படாதீங்க. ராட்டினத்துல ஒங்களுக்கும் சேர்த்து ரெண்டு தடவ ஏறிட்டு வர்றேன்."