தமிழ் தெரியாத மெஷினும் கிறிஸ்மஸ் வேதபாடமும்

மைசூர்,
18 அக்டோபர் 1999

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய ஐவி சித்திக்கு,

உங்கள் அக்காள் மகள் ஷாரன் ஸ்தோத்திரத்துடன் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். அப்பாவுக்கு மட்டும் சுகம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அங்கே குளிர் தொடங்கியிருக்கும், ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து வரும்போது காதை மூடிக்கொள்ளச் சொல் என்று அம்மா சொன்னார்கள். இந்தக் கடிதத்தில் அம்மாவுக்குத் தெரிந்த விஷயம் அது ஒன்றுதான். மீதியைத் தயவுசெய்து போனில் சொல்லிவிடாதீர்கள்.

நான் பி.ஏ. பாஸானதற்குப் பரிசாக, புத்தகம் படிக்கிற எலக்ட்ரானிக் மெஷின் ஒன்று டிசம்பரில் வரும்போது கொண்டு வருவதாகவும், சின்னதா பெரியதா என்று நானே பார்த்துச் சொல்ல வேண்டும் என்றும் இரண்டு விளம்பரத் தாள்களை அனுப்பியிருந்தீர்கள். நானே பார்த்துச் சொல்லலாம் என்றுதான் நானும் இருந்தேன். ஆனால் அமெரிக்கக் கடிதம் வந்தால் இரவு ஜெபம் முடிந்ததும் அப்பா எழுந்து நின்று அதைச் சத்தமாக வாசிப்பார் என்பது உங்களுக்குத் தெரியும். வாசித்து முடித்த நிமிஷமே, தோல் அட்டை போட்ட பெரியதுதான் வேண்டும் என்று அப்பாவும், பைக்குள் அடங்குகிற சின்னதுதான் வேண்டும் என்று அம்மாவும் ஆரம்பித்துவிட்டார்கள். "கையில எடுத்தா வேதாகமம் மாதிரி கனமா இருக்கணும் பொன்னம்மா" என்றார் அப்பா. "கனமா வேணும்னா அம்மிக்கல்லைத் தூக்கிட்டுப் போங்க" என்றார்கள் அம்மா. அண்ணன் ஆலன் தன் பாதிக் கன்னடத்தில், "சும்னே எதுக்குச் சண்டை? சீட்டுப் போடுங்க" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான். எங்கள் வீட்டில் முடிவாகாத எதையும் ஜெபம் பண்ணிச் சீட்டுப் போட்டு எடுப்பதுதான் வழக்கம். நான் கல்லூரியில் வரலாறு படித்ததுகூட அப்படித்தான். இந்தத் தடவையும் அப்பாதான் சீட்டை எடுத்தார். 'சின்னது' என்று வந்தது. ஜெபம் சுருக்கமாகிவிட்டது என்று நீளமாக ஜெபித்து மறுபடி எடுத்தார். அப்போதும் சின்னதே வந்தது. மூன்றாவது தடவை பெரியது வந்ததும், "ஆண்டவர் மூணாம் நாள்தானே உயிர்த்தெழுந்தார்" என்று சொல்லிச் சீட்டுகளைக் கிழித்துப் போட்டுவிட்டார். இதற்கு மேல் யார் பேச முடியும்?

இதோடு முடிந்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கமாட்டேன். அடுத்த ஞாயிறு சபையில் சாட்சி சொல்லும் நேரத்தில் அப்பா எழுந்தார். ஆயிரம் புத்தகம் அடங்கிய பெட்டி ஒன்று அமெரிக்காவிலிருந்து வருகிறது, கிறிஸ்மஸ் ஆராதனையில் என் மகள் அதைப் பார்த்து வேதபாடம் வாசிப்பாள் என்று சொல்லி உட்கார்ந்தார். சபையே அல்லேலூயா சொன்னது. பாஸ்டர் என் பெயரைக் குறித்துக்கொண்டார். மகளுக்கு இந்தச் செய்தி சபைக்குத் தெரிந்த அதே நேரத்தில்தான் தெரிந்தது. சித்தி, நான் பட்டமளிப்பு விழாவுக்குக்கூடப் போகாமல் பட்டத்தைத் தபாலில் வாங்கியவள். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தில் "ஹோல்ட் ஆன்" சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த ஸ்டாப் வரை போய் நடந்து வருகிறவள்.

அன்று மாலைதான் அந்தத் தாள்களில் இருந்த பொடி எழுத்தை வாசித்தேன். பெரிய மெஷினுக்குள் புத்தகம் வர வேண்டுமானால் டெலிபோன் லைன் வேண்டுமாம். நாங்கள் இன்னும் மெடிக்கல் ஷாப் போனில்தான் உங்களோடு பேசுகிறோம். சின்னதுக்குக் கம்ப்யூட்டர் வேண்டுமாம். வேலைக்கு மனு டைப் செய்யப் போகும் கம்ப்யூட்டர் சென்டரில் தீபக் என்று ஒருவர் இருக்கிறார். அவரிடம் தாள்களைக் காட்டினேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மேடம், ரெண்டுலயும் தமிழ் வராது. எழுத்துக்குப் பதிலா கட்டம் கட்டமா தெரியும், அவ்வளவுதான்" என்றார். கிறிஸ்மஸ் அன்று மேடையில் நின்று நான் கட்டங்களை எப்படி வாசிப்பேன்?

அப்பாவிடம் சொல்லாமல் இல்லை. சொன்னேன். "பயமா இருக்குன்னு சொல்லு, மெஷின் மேல ஏன் பழி போடுற?" என்று கேட்டார். அங்கேதான் சிக்கல், சித்தி. எனக்குப் பயம் என்பதும் உண்மை, மெஷினுக்குத் தமிழ் தெரியாது என்பதும் உண்மை. முதல் உண்மை இருப்பதால் இரண்டாவதை யாரும் நம்புவதில்லை. அண்ணனிடம் சொன்னால், "அமெரிக்காக்காரன் செஞ்சது கணே, தமிழ் வராமலா இருக்கும்? சும்னே டென்ஷன் ஆகாதே" என்கிறான். அம்மா அந்த மெஷினுக்குச் சிவப்பு வெல்வெட்டில் உறை தைத்து முடித்துவிட்டார்கள்.

அப்பாவைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. எங்கள் சபையில் வேதபாடம் வாசிக்கிறவர்கள் எல்லாரும் ஆபீஸ் உத்தியோகம், டீச்சர் வேலை பார்க்கிறவர்கள். அப்பா வாரம் முழுக்க நஞ்சன்கூடு ஃபேக்டரியில் பாய்லர் பக்கத்தில் நிற்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாருக்கும் முன்னால் போய் மைக் வைத்து, "ஹலோ, ஒன், டூ, த்ரீ" சொல்லிவிட்டு இறங்கிவிடுவார். அந்த மைக்கில் எங்கள் வீட்டார் பேசியது இன்றுவரை அவ்வளவுதான். நேற்று வெல்வெட் உறையைத் தடவிக்கொண்டே, "நம்ம பொண்ணை சும்மா கூப்பிடுவாங்களா? மெஷின் இருந்தாதான் கூப்பிடுவாங்க" என்று அம்மாவிடம் சொன்னார். நான் சமையலறையில் கேட்டுக்கொண்டிருந்தேன். பெட்டியைத் திறந்து நான் வாயடைத்து நின்றால் அப்பா இனி எந்த முகத்தோடு அந்த மேடைக்கு மைக் தூக்கிக்கொண்டு போவார்?

ஆகவே உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். கேட்கவே நா கூசுகிறது. ஐந்து வருஷத்துக்குப் பிறகு ஊருக்கு வருகிறீர்கள், அம்மா காலண்டரைப் பார்த்துப் பார்த்து நாளை ஓட்டுகிறார்கள். இருந்தாலும் உங்கள் டிக்கெட்டை ஜனவரிக்கு மாற்றிக்கொள்ள முடியுமா? லீவு கிடைக்கவில்லை என்று ஒரு வரி எழுதினால் போதும். நீங்கள் வராவிட்டால் மெஷின் வராது, மெஷின் வராவிட்டால் நான் வாசிக்க வேண்டியதில்லை, அப்பாவுக்கும் தலைகுனிவு இல்லை. இதற்காக ஆண்டவர் என்னை மன்னிப்பார். அம்மா மன்னிப்பார்களா என்று தெரியவில்லை.

சித்தப்பாவுக்கு என் வந்தனங்களைச் சொல்லவும். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக, முக்கியமாக வரத்தைச் சற்றுத் தாமதமாக.

இப்படிக்கு,
கீழ்ப்படிதலுள்ள மகள்,
ஷாரன்

பி.கு.: ஒட்டிய கவரைப் பிரித்து இதை எழுதுகிறேன். தபாலாபீஸ் வாசலில் பாஸ்டர் எதிரே வந்து, "என்னம்மா, பாடம் வாசிச்சுப் பழகுறியா?" என்று கேட்டார். எப்படி வாயிலிருந்து வந்ததோ, "பாஸ்டர், மெஷினுக்குத் தமிழ் தெரியாது" என்று சொல்லிவிட்டேன். "அதுக்குத் தெரியலன்னா என்ன? உனக்குத் தெரியுமில்ல?" என்றார். "புத்தகத்தைப் பார்த்தே வாசி. நான் பேரு எழுதினது உனக்குத்தான், மெஷினுக்கு இல்ல. உங்கப்பா எலியேசர் இத்தனை வருஷமா என்கிட்ட ஒண்ணுமே கேட்டதில்ல. கேட்டிருந்தா எப்பவோ எழுதியிருப்பேன்." வீட்டில் வந்து சொன்னதும் அப்பா, "மெஷின் இல்லாமலே கூப்பிடுறாங்களா? நிஜமாவா?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். ஆகையால் சித்தி, மேலே எழுதியிருப்பதை எல்லாம் மறந்துவிடுங்கள். டிக்கெட்டைத் தொடவே தொடாதீர்கள். சின்ன மெஷினே போதும், இங்கிலீஷ் கதை படிக்க. கம்ப்யூட்டர் சென்டரில் இணைத்துத் தருவதாக தீபக் சொல்லியிருக்கிறார். கிறிஸ்மஸ் அன்று ஆராதனைக்குக் கட்டாயம் வாருங்கள். ஆனால் முன்வரிசையில் உட்கார வேண்டாம், கடைசி பெஞ்சில் உட்காருங்கள். என் குரல் அதுவரை வருகிறதா என்று எனக்குத் தெரிய வேண்டும்.